இரண்டாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை

போன மாதம் என்னை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவளை யாராவது மதித்துக் கூப்பிட்டால் உடனே கஞ்சி போட்ட சேலையை எடுத்து வெளியே வைத்துவிடுவேன். அது என் பலவீனம். திருநெல்வேலியில் ஏ.சி. போட்ட ஒரு மண்டபம். வாசலில் பேனர்: 'பாலியல் நலத் திட்டங்களில் சமூகக் கூட்டாண்மை'. உள்ளே ஜமாத்தார் இரண்டு பேர், போதகர் ஒருவர், லாரி உரிமையாளர் சங்கத்துக்காரர், வியாபாரிகள் என்று எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் பேர் எழுதின அட்டை. திரையில் படம் ஓடியது. கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். கூட்டாண்மை முடிந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த ஜமாத்துப் பெரியவர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "பாக்கியம்மா, இது என்ன கூட்டம்னு ஒங்களுக்குத் தெரியுமா? எங்களை எதுக்குக் கூப்டாவ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவரிடம் இல்லை, பேனர் கட்டினவர்களிடம். வெளியே வரும்போது புதிதாகச் சேர்ந்த ஆலோசகர் பெண் ஒருத்தி ஓடி வந்து கேட்டாள். "மேடம், ஒங்க காலத்துல சபை, ஜமாத் எல்லாம் எப்படி மேடம் ஒத்துக்கிட்டாங்க? எங்களை வாசல்லயே நிப்பாட்டிருதாங்களே." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நின்று சொல்லக்கூடிய கதையும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. படித்தது சமூகப் பணி. வேலை கிடைத்தது அரசு மருத்துவமனை ஒன்றின் பால்வினை நோய்ப் பிரிவில், ஆலோசகராக. அம்மா எந்தப் பிரிவு என்று கேட்டபோது 'ரத்தப் பிரிவு' என்று சொல்லி வைத்தேன். பயிற்சியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து ஆணுறை போடும் முறையைச் செய்து காட்டச் சொன்னார்கள். முதல் நாள் கட்டையைக் கீழே போட்டேன். கடைசி நாள் பக்கத்துப் பெண்ணிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்தேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

எங்கள் அறை வராந்தாவின் கோடியில், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி இருந்தது. வருகிறவர்கள் பல்வலிக்கு எங்கே போகணும் என்று கேட்டுக்கொண்டே வந்து, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் சட்டென்று உள்ளே நுழைவார்கள். சைக்கிளைப் பூட்டுகிற பாவனையில் ரொம்ப நேரம் குனிந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு. அவர்களைத்தான் நான் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து வயிறெரிவேன். வந்தவனுக்கு வைத்தியம் பண்ணிவிடலாம், பூட்டுப் போட்டுவிட்டுப் போனவனை எங்கே தேடுவது?

எங்கள் மேலதிகாரி டாக்டர் கோமதி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். நெற்றி நிறையத் திருநீறு, சத்தமில்லாத குரல், சத்தமில்லாத செருப்பு. ஏதாவது சிக்கலைக் கொண்டு போனால் உட்கார்ந்தபடி பதில் சொல்ல மாட்டார். எழுந்து போய்க் குழாயைத் திறந்து கை கழுவுவார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, துண்டில் துடைத்து, திரும்பி வரும்போது பதில் இருக்கும். சின்னச் சிக்கல் என்றால் சும்மா ஒரு அலசு. பெரிய சிக்கல் என்றால் சோப்பு கரையும். புதிதாக வந்தவர்கள் இந்த அம்மாவுக்குச் சுத்தப் பைத்தியம் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் வைத்த முதல் சட்டம், உள்ளே வருகிற எல்லாருக்கும் ஒரே அளவு நேரம். நோய் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ஒரு டம்ளர் காப்பியை ஆற்றிக் குடித்து முடிக்கிற நேரம் உள்ளே இருந்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். எனக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. ஒன்றுமில்லாதவனை எதற்கு உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டேன்.

"வெளிப்பெஞ்சுல இருக்கவங்க நம்மளவிடப் பெரிய டாக்டருங்க பாக்கியம்," என்றார். "கதவு தெறக்கிற நேரத்தை வச்சே சீக்கைச் சொல்லிருவாங்க. சீக்கிரம் வந்தா ஒண்ணுமில்ல, நேரமாச்சுன்னா ஆளுக்கு வந்துட்டுன்னு."

போய் ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. ஒரு பாட்டையா வாசலையே பார்த்துக்கொண்டு, "இந்தப் பய உள்ள போயி ரொம்ப நேரமாச்சே, ம்ம்" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அன்றோடு நான் வாயை மூடிக்கொண்டேன். வெளியே போகிற எல்லாருக்கும் ஒரே மாதிரி பழுப்புக் கவர் கொடுப்போம். உள்ளே துண்டுப் பிரசுரம், ஆணுறை, சத்து மாத்திரை. மருந்து தேவைப்பட்டவருக்கு மருந்தும் அதற்குள்ளேயே போய்விடும். கவரைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றுமில்லாதவரை உட்கார வைத்த அந்தக் காப்பி நேரம் வீணாகவும் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் மழை உண்டா, வயல் எப்படி என்று ஆரம்பிப்பேன். பையப் பைய, "எனக்கு ஒரு கூட்டாளி இருக்கான், அவனுக்கு ஒரு மாதிரிப் புண்ணு..." என்று அவர்களே தொடங்குவார்கள். சைக்கிளைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போனவர்களில் பாதிப் பேரை நான் இப்படித்தான் பிடித்தேன்.

ஊருக்குள் போவதிலும் டாக்டருக்கு ஒரு முறை இருந்தது. யாரையும் நம் ஆபீசுக்குக் கூப்பிடக் கூடாது, அவர்கள் இடத்துக்குத்தான் போக வேண்டும். முதல் தடவை போகும்போது எதையும் கேட்கக் கூடாது. நெசவும் வளைகுடா வேலையுமாக இருந்த ஒரு முஸ்லிம் ஊருக்கு முதலில் போனோம். ஜமாத் தலைவர் ஹனிபா அண்ணாச்சி. டாக்டர் அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார், தறிச் சத்தத்தில் காது எப்படித் தாங்குகிறது என்று கேட்டார், வந்துவிட்டார். எனக்குப் பஸ்ஸில் வரும்போது பொறுக்கவில்லை. பையில் கொண்டுபோன பிரசுரத்தில் ஒன்றைக்கூட எடுக்க விடவில்லை அந்த அம்மா.

இரண்டாவது தடவை, "ஒங்க ஊருக்கு என்ன வேணும் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "பொம்பளைப் புள்ளைகளுக்கு ஒரு லேடி டாக்டர் வேணும்மா. மாப்பிள்ளைமாரு சவுதில கெடக்கானுவ. இவளுவ வெள்ளைப்படுது, வலிக்குதுன்னு சொல்லக் கூட ஆளில்லாம ஒளிச்சு வச்சுக்கிட்டுத் திரியுதாளுவ. வாரத்துல ஒரு நாளு நீங்க வந்தீயன்னா மதரஸாவுல எடம் தாரேன். ஆனா ஒண்ணு, அந்தச் சீக்கோட பேரைப் போர்டுல எழுதிராதீய."

"போர்டே வைக்கலை அண்ணாச்சி," என்றார் டாக்டர்.

புதன்கிழமைதோறும் போனோம். பெண்கள் வந்தார்கள். அடுத்த விடுமுறையில் சவுதியிலிருந்து வந்த மாப்பிள்ளைமார்களைப் பெண்டாட்டிமாரே பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். நான் பேனர் கட்டிக் கத்தியிருந்தால் ஒருத்தன் வந்திருக்க மாட்டான். அவர்களுக்கு என்ன வேண்டுமோ அதை முதலில் செய், உனக்கு வேண்டியது அதன் பின்னாலேயே வரும். இதற்குத்தான் அந்த மண்டபத்தில் திரை போட்டுப் படம் காட்டினார்கள்.

இனி சபைக் கதைக்கு வருகிறேன். ராதாபுரம் பக்கம், பனையும் செம்மண்ணுமான ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேர்களையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். எதை எதை மாற்றினேன் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவளிடம் முழுவதையும் வாசித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் இது அச்சுக்குப் போகிறது. அந்த ஊர்க்காரர்களே இதை வாசித்தாலும் பக்கத்துச் சபையில் நடந்தது என்றுதான் நினைப்பார்கள்.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை சொல்ல யாருக்காவது காரணம் உண்டானால் தெரிவிக்கலாம் என்று, மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் வாசிப்பார். மூன்று முறையும் தடையில்லாமல் வாசித்துவிட்டால்தான் கல்யாணம். முதல் ஓலை வாசித்துவிட்டு இரண்டாவது ஓலை நின்றால், அந்தப் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் ஓலை வாசித்திருக்கிறார்கள். 'தடை உண்டானால்' என்று ஐயர் நிறுத்தின அந்த நொடியில் என் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்றும் ஞாபகம் இருக்கிறது. ஐயர் என்றால் போதகர்தான். எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அந்தச் சபையின் செயலர் ஞானராஜ் சார்வாள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வெள்ளை வேட்டி, பையில் இரண்டு பேனா. எடுத்த காரியத்தை முடிக்காமல் தூங்க மாட்டார். அவரிடமும் டாக்டர் முதல் தடவை ஒன்றும் கேட்கவில்லை, ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆராதனை முழுக்கப் பார்த்துவிட்டு வந்தார். நெற்றித் திருநீற்றோடு உட்கார்ந்திருந்த அவரைச் சபையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. கடைசியில் சார்வாளே கேட்டார், கல்யாணம் பண்ணப்போகிற பிள்ளைகளுக்கு நீங்கள் ஏதாவது சொல்லிக் கொடுக்கக் கூடாதா என்று. அவர் வாயாலேயே வர வேண்டும் என்றுதான் நாங்கள் காத்திருந்தோம்.

ஏற்பாடு இதுதான். கல்யாணம் நிச்சயமான ஜோடி எங்களிடம் வரும். இரண்டு பேரிடமும் பேசுவோம், சம்மதித்தால் ரத்தம் பார்ப்போம். முடிவு அவரவரிடம் மட்டும் சொல்லப்படும். சபைக்கு 'இவர்கள் வந்து ஆலோசனை பெற்றார்கள்' என்று ஒரு துண்டுச் சீட்டு மட்டும் போகும். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சபைகளும் கேட்க ஆரம்பித்தன.

ஒரு திங்கட்கிழமை காலையில் சார்வாளிடமிருந்து போன். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"அம்மா, ஒங்க திட்டத்தை ஒரு படி மேல கொண்டு போயிட்டோம்! நேத்து ஆராதனை முடிஞ்சதும் அறிவிச்சிட்டேன். இனிமே சீட்டு பத்தாது. ரத்தப் பரிசோதனை முடிவையே கமிட்டியில கொண்டாந்து காட்டணும். அப்பத்தான் ரெண்டாவது ஓலை வாசிப்போம். கமிட்டியில எல்லாரும் கையைத் தட்டிட்டாங்க!"

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதருக்கு ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் இன்னும் ஆபத்து. கெட்ட எண்ணத்தோடு செய்கிறவனிடம் சண்டை போடலாம், நம் திட்டத்தின் மேல் இருக்கிற பாசத்தால் செய்கிறவரை என்ன செய்வது? அன்றைக்கே போய்ப் பேசிச் சரிபண்ணியிருக்கலாம். ஆனால் முந்தின வாரம் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன ஒரு ஜோடி அந்தச் சபையைச் சேர்ந்தது. அவர்களுடைய முதல் ஓலை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வாசித்திருந்தார்கள். அந்த நேரத்தில் அந்தச் சபையில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு ஜோடிக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை முடிவு கேட்டு வந்தான். செல்வின், கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை. அவன் ரத்தத்தில் மேகநோய் இருந்தது. சிபிலிஸ் என்பார்கள். பெண் எஸ்தரின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. நான் சொன்னதும் அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "செத்துருவனா மேடம்?" என்றான்.

"ஏலே, செத்துப்போறதுக்கு ஒண்ணுமில்ல. ஊசி இருக்கு. இடுப்புல போடுவாங்க, வலி உயிரு போகும், அவ்வளவுதான்," என்றேன். யாரிடமிருந்து வந்தது என்றும் கேட்டேன். நாகரிகத்துக்காகக் கேட்காமல் விடுகிற வேலை இல்லை என்னுடையது. அந்த இன்னொரு ஆளுக்கும் ஊசி போட வேண்டுமே. சொன்னான். கோயம்புத்தூருக்குத் தகவல் சொல்ல ஏற்பாடு செய்தேன். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டேன். "எஸ்தர்கிட்ட யாரு சொல்லப் போறது, நீயா, சார்வாளா?"

அவன் முகம் வெளிறிவிட்டது. அறிவிப்பு அவனுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவைக் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் ஓலை நிற்கும். காட்டினாலும் நிற்கும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தெரிய வேண்டியவள் எஸ்தர் ஒருத்தி. இந்த விதிப்படி அவளுக்குக் கடைசியில்தான் தெரியும், அதற்கு முன்னால் கமிட்டிக்கும், கமிட்டி வீட்டுக்காரிகளுக்கும், கிணற்றடிக்கும் தெரிந்துவிடும். இவன் ஊசி போட்டுக் குணமாகிக் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிடுவான். 'ஓலை நின்ன பொண்ணு' என்ற பேரோடு அந்த ஊரில் கிடக்கப்போகிறவள் அவள்தான்.

டாக்டரிடம் ஓடினேன். "இப்பவே போன் பண்ணி அந்த விதியை எடுக்கச் சொல்லிருதேன்," என்றேன்.

"சொன்னா, எதுக்கு அவசரம்னு கேப்பாரு. ஓலை போய்க்கிட்டு இருக்கது ஒரே ஜோடிக்கு. நீ வாயைத் தெறந்தாலே அவருக்கு வெளங்கிரும்," என்றார் டாக்டர். எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். சோப்பை எடுத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அன்றைக்குக் கழுவின மாதிரி அவர் என்றைக்கும் கை கழுவி நான் பார்த்ததில்லை. துண்டில் துடைத்துக்கொண்டே திரும்பினார்.

"வேண்டாம்னு சொல்லக் கூடாது பாக்கியம். ரொம்ப நல்ல விதின்னு சொல்லுவோம். இவ்வளவு நல்ல விதியைக் கமிட்டியில இருந்தே ஆரம்பிப்போம்னு சொல்லுவோம். சனிக்கிழமை நாமளே போயி எல்லாருக்கும் ரத்தம் பாத்து, அங்கனயே முடிவும் சொல்லிருவோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சார்வாளுக்குப் போன் போட்டேன். மனிதர் துள்ளிக் குதித்தார். "அருமையான யோசனை! முன்மாதிரியா இருக்கும். நான்தான் மொத ஆளு!" என்றார்.

வியாழக்கிழமை செல்வின் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், ஒல்லி, நிமிர்ந்த கழுத்து. அவன் சொல்லும்போது நான் கூட இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தான். இருந்தேன், ஆனால் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. தட்டுத் தடுமாறி அவனே சொல்லி முடித்தான்.

எஸ்தர் அழவில்லை. "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"செவ்வாக்கிழமை."

"நேத்து சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து அப்பாகூட உக்காந்து காப்பி குடிச்சீயளே. அப்பவும் தெரியும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் என் பக்கம் திரும்பினாள். கேள்விகள் வரிசையாக வந்தன. எனக்கு இருக்கா? இல்லை. இது முழுசாக் குணமாகுமா? ஆகும். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு வருமா, பிள்ளைக்கு வருமா? ஊசியை ஒழுங்காகப் போட்டு, மறுபடி ரத்தம் பார்த்து, டாக்டர் சரி என்று சொல்கிறவரை பொறுத்திருந்தால் வராது. இனிமேலும் இவர் இப்படிப் போக மாட்டார் என்று ஒங்க ரத்தப் பரிசோதனையில் தெரியுமா? தெரியாது என்றேன். பொய் சொல்ல முடியுமா?

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பக்கம் யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இவரைக் கட்டலாமா வேண்டாமான்னு நான் யோசிக்கணும் மேடம். இப்ப எனக்கு இவரு மூஞ்சியப் பாக்கவே எரிச்சலா இருக்கு. ஆனா ஓலையை நிப்பாட்டணும்னா அதை நான்தான் நிப்பாட்டணும். சார்வாள் யாரு நிப்பாட்டுததுக்கு?"

அந்தப் பெண்ணை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கேட்டதைக் கொடுக்க வேண்டியதுதான் எனக்கு இனி வேலை. யோசிக்க அவளுக்கு அவகாசம் வேண்டும், அந்த அவகாசத்தில் ஊர் மூக்கை நுழைக்கக் கூடாது.

சனிக்கிழமை ஆலயத்தை ஒட்டின பக்க அறையில் மேசை போட்டோம். கமிட்டிக்காரர்கள் வேட்டி மடிப்புக் கலையாமல் வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்க வேப்பமரத்தடியில் கூடிவிட்டார்கள். ஐயர் ஜெபம் பண்ணி ஆரம்பித்து வைத்தார். லேப் டெக்னீஷியன் எல்லாரிடமும் ரத்தம் எடுத்து முடித்தார். பிறகு, முடிவு சொல்ல ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டோம். சொன்னபடியே சார்வாள்தான் முதல்.

அவருக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் காகிதத்தை அவர் கையில் கொடுத்தார். வழக்கமான காப்பி நேரம் உட்கார வைத்தோம். சார்வாள் காகிதத்தை இரண்டு தடவை வாசித்தார். வெளியே சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சார்வாள் உள்ள போயி நேரமாச்சே வே."

"அவருக்குமா இருக்கும்? சே சே."

"யாரு கண்டா? வாத்தியாரு வேலைன்னு எத்தனை ஊரு மாறினாரு!"

வேப்பமரத்தடியில் ஒரு சிரிப்பு. சார்வாளின் காது சிவந்தது. டாக்டர் எதுவும் கேட்காதவர் போல மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "சரி சார்வாள், வெளிய போயி எல்லாருக்கும் காட்டுங்க. ஒண்ணுமில்லன்னுதான இருக்கு?" என்றார்.

சார்வாள் எழுந்தார். கதவு வரைக்கும் போனார். கைப்பிடியில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நான் காட்டலாம்மா," என்றார் மெதுவாக. "எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. ஆனா நான் காட்டிட்டேன்னா, அடுத்தாப்புல வாரவரு காட்டித்தான ஆகணும்? காட்டலைன்னா என்னான்னு கேப்பாங்கள்ல?"

நாங்கள் சொல்ல ஒன்றும் பாக்கி இல்லை. அந்த மனிதரே முழுக் கணக்கையும் போட்டுவிட்டார்.

சார்வாள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நாப்பது பிள்ளைக முன்னால மார்க்கைச் சத்தமா வாசிச்சவன் நான். கொறைஞ்ச மார்க்கு எடுத்தவன் நல்லாப் படிப்பான்னு நெனச்சுத்தான் வாசிச்சேன். பாதிப் பேரு பள்ளிக்கூடத்தையே விட்டுட்டான்," என்றார். பிறகு காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் இரண்டு பேனாவுக்கும் பின்னால் வைத்துக்கொண்டார்.

வெளியே போனதும் எல்லாரும் மொய்த்துக்கொண்டார்கள். "என்ன சார்வாள், எப்படி, என்ன வந்துது?" என்று அவர் மனைவியே முன்னால் வந்து கேட்டார்.

"அது எனக்கும் டாக்டருக்கும்," என்றார் சார்வாள். "அடுத்த ஆளு உள்ள போங்க. வெளிய வந்து ஒருத்தரும் ஒருத்தர்ட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். விதியை மாத்தியாச்சு. பழைய சீட்டே போதும்."

அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்த வாரம் முழுக்க வீட்டில் சரியாகச் சாப்பாடு கிடைக்கவில்லை என்று பின்னால் அவரே சொன்னார். காகிதத்தைக் காட்டித் தப்பித்திருக்கலாம், அந்த அம்மாவிடம்கூட அவர் காட்டவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு நான் இன்றைக்கும் அவரைக் கும்பிடுவேன்.

மறுநாள் நான் என் சபையை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்தேன். டாக்டரும் வந்து அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஐயர் இரண்டாவது ஓலையை வாசித்தார். செல்வினுடைய பேர், எஸ்தருடைய பேர். 'தடை சொல்ல யாருக்காவது காரணம் உண்டானால்' என்று நிறுத்தினார். நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களையும் செல்வினையும் விட்டால் அந்தச் சபையிலேயே காரணம் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான், வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்பது அவள் கையில்தான் இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போனார். டாக்டர் கோமதி மெதுவாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் புழுதி விழுந்துவிட்டது என்றார்.

மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். ஆனால் கல்யாணத் தேதியை எஸ்தர் தள்ளி வைத்தாள். குவைத்தில் இருக்கிற அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஊருக்குச் சொன்னாள். அண்ணனிடம் போன் பண்ணி, லீவு கிடைத்தாலும் வராதே என்று சொல்லிவைத்திருந்தாள். செல்வின் ஊசி போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, மறுபடி மறுபடி வந்து ரத்தம் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் எஸ்தர் கூட வந்தாள். அவனோடு பேசாமலே கூட வருவாள். அப்புறம் ஒரு தடவை பேசிக்கொண்டே வந்தார்கள். அதற்கு அடுத்த தடவை சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள், அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை. என்னை அங்கே பார்த்தால் நாலு பேர் யோசிப்பார்கள். எங்கள் வேலையில் கல்யாணச் சாப்பாடு எல்லாம் கிடையாது.

டாக்டர் கோமதி இப்போது இல்லை. நான் ஓய்வு பெற்றபோது அந்தச் சபையே எனக்கு ஒரு வழியனுப்பு விழா வைத்தது. பக்கத்துச் சபைக்காரர்கள், ஹனிபா அண்ணாச்சியின் மகன் எல்லாரும் வந்திருந்தார்கள். சார்வாளுக்கு வயதாகிவிட்டது, கம்பு ஊன்றித்தான் நடந்தார். பையில் இரண்டு பேனா அப்படியே இருந்தது. பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதிர் வரிசையில் அவர் மனைவி.

"ஒண்ணு சொல்லுதேன் அம்மா," என்றார், நாலு இலைக்குக் கேட்கிற மாதிரி. "அன்னைக்கு நான் விதியைப் போட்டது தப்பு, எடுத்தது சரி. ஆனா நெனச்சுப் பாத்தா சிரிப்பா வருது. எதுக்கு அவ்வளவு பயந்தோம்? இத்தனை வருசத்துல எங்க சபையில ஒருத்தருக்குக் கூட அந்தச் சீக்கு வந்ததில்ல. ஒருத்தருக்குக் கூட! ஊரு அப்படி!"

அப்போது எங்கள் வரிசைக்குக் கறிக்குழம்பு வாளியோடு பரிமாற வந்தது எஸ்தர். இப்போது அவள் சபையின் பெண்கள் சங்கத்துச் செயலர். பின்னால் சாதப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு செல்வின். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. சார்வாள் சொன்னது இரண்டு பேர் காதிலும் விழுந்தது. செல்வின் சாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எஸ்தர் என் இலைக்கு நேரே குனிந்தாள். என் கண்ணைப் பார்த்தாள்.

"சார்வாள் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். "என்ன மேடம், இன்னொரு கரண்டி கறி வைக்கட்டா?"

"வை," என்றேன்.